பொது ஆணி

சென்னியப்பன் தன் மனைவியைப் பார்த்து "சாப்ட்டியா?" என்று கேட்ட அன்று, அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா ருக்குமணி அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள். மகள் பூங்கோதை சோபாவில் லேப்டாப்பை மடியில் வைத்தபடி வாயைப் பிளந்தாள். கேட்ட மனிதரோ சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, தன் கழுத்துப் பட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறு யாருடையதோ என்பதுபோல.

"ஏட்டி, சாப்ட்டியா? எனக்கு ஊட்டிட்டு நீ பட்டினி கெடக்காத." அதுதான் பட்டை பேசிய முழு வாக்கியம். குரல் மட்டும் அப்பாவுடையது, அச்சு அசல்.

இதில் வாய் பிளக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சென்னியப்பனைத் தெரியாது. கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்தவர். ஆலையில் எந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, வீட்டிலும் அதே குரலில்தான் தண்ணீர் கேட்பார். மனைவியைப் பேர் சொல்லி அழைத்ததில்லை. "இந்தா" என்பார், அவ்வளவுதான். குறட்டைக்கு நடுவே அம்மா புரண்டு படுத்தால்கூட "சத்தம் பண்ணாத" என்று அதட்டுவார். அதனாலேயே அந்த அம்மாள் கல்யாணமான சில வருஷங்களில் தன் பாயைச் சுருட்டி ஹாலுக்குக் கொண்டுவந்துவிட்டாள். கெட்டவரில்லை, குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அன்பாக ஒரு வார்த்தை பேசினால் வாய் வெந்துவிடும் என்பதுபோல வாழ்ந்தவர். போன வருஷம் பக்கவாதம் வந்து ஒரு பக்கத்தையும் பேச்சையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது.

பேச்சைத் திருப்பிக் கொடுத்தது மகளின் கம்பெனி. 'மறுகுரல்' என்ற கழுத்துப் பட்டை. பேச வேண்டும் என்று மனசில் எழுகிற சொல்லைத் தொண்டைத் தசையின் சின்னச் சின்னத் துடிப்பிலிருந்து படித்து, பழைய குரலிலேயே உரக்கச் சொல்லும். படிக்கிற வேலையெல்லாம் கம்பெனி சர்வரில் நடக்கும். அந்த நிரலில் பெரும் பகுதி பூங்கோதை எழுதியது. எல்லோருக்கும் முன்னால் தன் அப்பாவுக்குத்தான் மாட்டிவிட்டாள். மாட்டியதும் அவர் சொன்ன முதல் சொல், "ஃபேன்."

பக்கவாதக்காரர்கள் தினமும் பேசிப் பழக வேண்டும் என்பது டாக்டர்களின் உத்தரவு. அதற்காகச் சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாப் பட்டைகளிலும் ஒரு சின்ன மணி அடிக்கும். யார் எந்த ஊரில் இருந்தாலும், அந்த நேரத்தில் வீட்டிலிருக்கும் ஒருவரைப் பார்த்து ஒரு முழு வாக்கியம் பேச வேண்டும். அந்த நாலு மணி வாக்கியம்தான் பாலைப் பொங்க வைத்தது.

"ஏட்டின்னா என்னங்க?" என்று அம்மா கேட்டாள்.

"டிவியில எதையோ பார்த்திருப்பாரும்மா" என்றாள் கோதை. முப்பத்து மூன்று வயதுப் பெண், தன் அம்மாவை ஒருவர் சாப்பிட்டாயா என்று கேட்டதை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்கிறாள்.

மறுநாள் நாலு மணிக்கு, "அந்தக் கொடத்தத் தூக்காத, கை வலிக்கும்லா" என்றார். வீட்டில் குடமே கிடையாது, குழாயைத் திருகினால் தண்ணீர் வரும். அதற்கடுத்த நாள், "இந்தப் பச்சச் சேல உனக்கு எடுப்பா இருக்கு" என்றார். அம்மா அன்று கட்டியிருந்தது அரக்குச் சேலை.

"கண்ணும் மங்கிப் போச்சாட்டம் இருக்குது. கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும்" என்று மகளிடம் கிசுகிசுத்தாள் அம்மா. ஆனால் அடுத்த நாள் காலையில் குளித்துவிட்டு வந்தபோது, பெட்டிக்கடியில் கிடந்த பச்சைப் புடவையைக் கட்டியிருந்தாள். நாலு மணி ஆவதற்கு முன்பே முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு அப்பாவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தாள். அந்த வாரமே பாயை ஹாலிலிருந்து எடுத்து அப்பாவின் அறையில் விரித்தாள். "அவரு எந்திரிச்சாப் பாக்கோணுமில்ல" என்று, யாரும் கேட்காமலேயே காரணமும் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் நஸ்ரின் ஒரு குரல் பதிவை அனுப்பினாள். நஸ்ரின் அதே கம்பெனியில் வாடிக்கையாளர்களின் அழைப்புகளைக் கவனிப்பவள். கோடிங் தெரியாது, மனுஷர்களைத் தெரியும்.

"அக்கா, இதை நீங்க கேக்கணும். என்ன பதில் சொல்றதுன்னே தெரியல."

தெற்குச் சீமையில், நாசரேத் பக்கத்திலிருந்து கிரேசம்மாள் என்ற பெண்மணி பேசியிருந்தாள்.

"எம்மா, குறை சொல்லணும்னு பேசலம்மா. எங்க வீட்டு ஐயா ஜெபமணி, சைக்கிள் கடை வச்சிருந்தாவ. கல்யாணமான நாள்ல இருந்து என்னைய ஒரு கடுஞ்சொல்லு சொன்னதில்ல. வாய் நெறைய ஏட்டி ஏட்டின்னுதான் கூப்பிடுவாவ. இப்போ நாலு மணிக்கு மணி அடிச்சா, 'தின்னுட்டுத் தின்னுட்டு உக்காந்திருக்க'ங்காவ, 'உன்னக் கட்டி என்னத்தக் கண்டேன்'ங்காவ. சொல்லிட்டு அடுத்த நிமிசமே, 'நா இல்ல, நா இல்ல'ன்னு அழுதாவ. வாதம் வந்தா உள்ள கெடந்ததெல்லாம் வெளிய வரும்னு இங்க டாக்டர் சொல்லுதாரு. அப்போ இத்தன வருசமும் மனசுக்குள்ள இதத்தான் வச்சிருந்தாவளாம்மா? மெசினு சொல்லுதா, அவிய சொல்லுதாவளா? அத மட்டும் சொல்லுங்க. அவியதான்னா நா பொறுத்துக்கிடுதேன்."

ஏட்டி என்ற சொல்லுக்காகவே பூங்கோதை பதிவை இன்னொரு தடவை ஓட்டிக் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பிறகு சொல்லைப் படிக்கிற நிரலைத் திறந்து, தான் எழுதியதை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். வெகு நேரம் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு வரியின் தொடக்கத்தில் 'லெட்' என்ற ஒரு சின்னச் சொல் இல்லை. மூன்று எழுத்து ஆங்கிலச் சொல், அதைத் தட்ட மறந்திருக்கிறாள். நிரல் எழுதப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் மொழி அதற்காக முகம் சுளிக்கவில்லை. கண்டிப்பில்லாத பழைய மாதிரிக் கோப்பு என்பதால், பேசாமல் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது.

"அப்படி என்னக்கா தப்பு?" பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் நஸ்ரின். "எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"நீ ஹாஸ்டல்ல இருந்திருக்க இல்ல? அங்க வரிசையா குளியலறை இருக்குமே. ஒவ்வொண்ணுக்குள்ளயும் துணி மாட்ட ஒரு ஆணி இருக்கும்."

"ஆமா."

"ஃபங்ஷன்ங்கறது அந்தக் குளியலறை. ஒவ்வொருத்தர் பேசும்போதும் அவங்களுக்குன்னு ஒரு அறை திறக்கும். அவங்க மனசுல இருக்கற வாக்கியத்த உள்ள மாட்டி வச்சுட்டு, குரல் தயாராகற வரைக்கும் ரெண்டு நொடி காத்திருக்கும். அப்புறம் எடுத்துச் சொல்லும். லெட்னு போட்டா ஆணி அறைக்குள்ள. வெளியில இருக்கற யாரும் அதைத் தொட முடியாது. ஸ்கோப்னு சொல்றது அதைத்தான். எந்த ஆணி எந்தச் சுவத்துக்குள்ளங்கறது."

"நீங்க போடல."

"நான் போடல. அதனால ஆணி வெளிய, பொது நடையில அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. எல்லாருக்கும் ஒரே ஆணி. எங்கப்பா வாக்கியத்த மாட்டிட்டுக் காத்திருக்காரு. அதுக்குள்ள அடுத்த ஆள் வந்து, அதைத் தள்ளிட்டுத் தன்னோடதை மாட்டறாரு. எங்கப்பா கை நீட்டினா அடுத்தவரோட சட்டை வருது. அந்த அடுத்தவர் கை நீட்டறப்போ, அவருக்கும் பின்னால வந்தவரோடது வருது."

"மத்த நேரத்துல ஏன் அப்படி வரல?"

"மத்த நேரத்துல ஆளுக்கொரு நேரத்துல பேசுவாங்க, நடையில கூட்டம் இருக்காது. நாலு மணிக்கு நாமதான் மணி அடிச்சு எல்லாரையும் ஒண்ணாக் குளிக்க அனுப்பறோம். நான் சோதிச்சுப் பார்த்தது எங்கப்பா ஒருத்தரை மட்டும் வெச்சு. ஒருத்தர் மட்டும் இருந்தா எந்த ஆணியா இருந்தா என்ன?"

பட்டைகள் பதிவான வரிசையிலேதான், ஒன்றரை நொடிக்கு ஒன்றாக, மணி கேட்டு எழும். முதல் பட்டை சென்னியப்பனுடையது. இரண்டாவது ஜெபமணி. மூன்றாவது சேலத்தில் யாரோ ஒரு சிடுமூஞ்சிக்காரர். ஜெபமணியின் அன்பு கோயம்புத்தூரில் விழுந்தது, சேலத்துக்காரரின் வசவு நாசரேத்தில் விழுந்தது. சென்னியப்பனுக்கு முன்னால் யாருமில்லை. ஆகவே அவர் சொல்ல வந்தது எந்த வாயிலும் வராமல் அழிந்துபோனது. தனிமனித ரகசியம் என்பதால் கம்பெனி எந்தப் பேச்சையும் சேமிப்பதில்லை, தேடினாலும் கிடைக்காது.

"ஒரு வார்த்தைதானேக்கா. இப்பவே போட்டுடுங்க. நான் அந்த அம்மாகிட்ட சொல்லிடறேன்" என்றாள் நஸ்ரின்.

"போடறேன். சோதிச்சுப் பார்த்துட்டுப் போடறேன். அதுவரைக்கும் பார்த்துட்டிருக்கோம்னு மட்டும் சொல்லு" என்றாள் கோதை.

அன்று அவள் போடவில்லை. போடாததற்கு ஒரு காரணமும் இல்லை. வீட்டுக்கு வந்தாள். அம்மா பச்சைப் புடவையில் ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா பாடுவாள் என்பதே கோதைக்குத் தெரியாது.

அவள் அப்பாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அப்பா, நாலு மணிக்கு வர்ற பேச்சு உங்களுது இல்ல. தெரியுமா?"

பட்டையின் பச்சை விளக்கு மினுங்கியது. "தெரியும்."

"ஏன் சொல்லல?"

விளக்கு வெகு நேரம் மினுங்கியது. "சிரிச்சாளே."

கோதை கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க எழுத்துல தப்பு, அப்பா. வேற ஒருத்தரோட பேச்சு அது. அந்த வீட்டுல ஒரு அம்மா அழுதுட்டிருக்காங்க. நான் சரி பண்ணணும்."

சென்னியப்பன் சன்னலைப் பார்த்தார். ஆயுசுக்கும் மகளிடம் எதையும் கேட்டிராத மனிதர், அன்று கேட்டார்.

"அவசரமா?"

அப்பாவும் மகளுமாகச் சேர்ந்து திருடினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். வேறு சொல் போட்டால் அது பூசி மெழுகுவதாகும். நாளைக்குச் செய்கிறேன் என்றாள், வெள்ளிக்கிழமை வேண்டாம் என்றாள், வாரக் கடைசியில் கை வைக்கக் கூடாது என்றாள். நஸ்ரின் தினமும் காப்பி இடைவேளையில் வந்து, "இன்னிக்குப் போட்டாச்சாக்கா?" என்று கேட்பாள். "டெஸ்டிங்ல இருக்கு" என்பாள் கோதை. நாலு மணிக்கு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பாள். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு பார்ப்பாள். இந்த நிமிஷம் அங்கே ஒருத்தி திட்டு வாங்குகிறாள், இங்கே ஒருத்தி முகம் மலர்கிறாள். இரண்டும் தன் விரலால். இருந்தும் வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாட்களில், நாலு மணிக்கு அவளும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். அதை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்கு அதிகம் கூசியது.

அதற்கடுத்த வாரம் நஸ்ரின் காப்பி இல்லாமல் வந்தாள்.

"ஜெபமணி ஐயா நேத்து சாயங்காலம் பட்டையைப் பிச்சு எறிஞ்சுட்டாராம். திரும்ப மாட்ட விட மாட்டேங்கறாராம். பேச்சே வேண்டாம்னு கைய ஆட்டறாராம்." அவள் உட்காரவில்லை. "உங்க அப்பாதானேக்கா முதல் பட்டை? எனக்குக் கோடிங்தான் தெரியாது, கணக்கு தெரியும். உங்க வீட்டுல என்ன நடக்குதுன்னு நான் கேக்கல. ஆனா இன்னிக்கு நீங்க போடலைன்னா, நானே மேல சொல்லிடுவேன்."

கோதை அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கோப்பைத் திறந்தாள். அந்தச் சொல்லைத் தட்டினாள். கோப்பின் உச்சியில், கண்டிப்பாகச் சரிபார்க்கச் சொல்லும் வரியையும் சேர்த்தாள். முதல் நாளே அதைச் சேர்த்திருந்தால் ஜாவாஸ்கிரிப்ட் அன்றே கத்தியிருக்கும். காப்பி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை, எல்லாம் முடிந்தது.

மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். நாலு மணிக்கு மணி அடித்தபோது அம்மா எதிரே உட்கார்ந்திருந்தாள், காப்பி டம்ளரைக் கையில் வைத்தபடியே. அப்பாவின் பச்சை விளக்கு மினுங்கியது.

"இந்தா. காப்பி ஆறிப்போச்சு."

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தாள். மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தாள்.

"கண்ணு, மெசினு கெட்டுப் போச்சாட்டம் இருக்குது. நேத்து வரைக்கும் நல்லாத்தான பேசிட்டிருந்தாரு? கொஞ்சம் சரி பண்ணிக் குடு சாமி."

மூன்று எழுத்தை அழித்தால் போதும், நாளைக்கே சரியாகிவிடும் என்று ஒரு கணம் கோதையின் மனசு கணக்குப் போட்டது. அந்தக் கணத்துக்காக அவள் தன்னை ஒருநாளும் மன்னிக்கப் போவதில்லை. அதற்குள் போன் அடித்தது. நஸ்ரின்.

"அப்டேட் போட்டாச்சுன்னு சொன்னேன்க்கா. 'அப்போ இதுவரைக்கும் பேசினது அவியதானா'ன்னு அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

"நம்பர் குடு. நான் பேசறேன்."

ஹாலில், அப்பாவுக்கு முன்னாலேயே, நின்றுகொண்டு பேசினாள். அம்மா ஆறின காப்பியோடு அடுப்படிக்குப் போயிருந்தாள்.

"அம்மா, நான் பூங்கோதை. அந்த நிரலை எழுதினவ. ஐயா பக்கத்துல இருந்தா ஸ்பீக்கர்ல போடுங்க, அவரும் கேக்கட்டும். நாலு மணிக்கு அவர் வாயில வந்தது அவர் பேச்சு இல்லம்மா. வேற ஊர்ல வேற ஒருத்தரோடது. தப்பு என்னுது. தெரிஞ்ச அன்னிக்கே சரி பண்ணியிருக்கலாம். நான் பண்ணல. தெரிஞ்சேதான் பண்ணல."

அந்தப் பக்கம் ஒரு ஆண் தொண்டை, சொல்லில்லாமல், விம்மியது. கிரேசம்மாள் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு திட்டுவாள் என்று கோதை காத்திருந்தாள். அவள் திட்டவில்லை.

"அப்போ அவிய பேசினது எங்கம்மா போச்சு? நாலு மணிக்கு அவியளும் என்னத்தையோ சொல்லிருப்பாவல்லா?"

"எங்க வீட்டுக்கு வந்துச்சும்மா. எங்கப்பா வாயில."

"நீங்க கேட்டியளா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாவ? சொல்லுங்கம்மா. எனக்குச் சொன்னதுதான அது."

பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டாள். எங்கும் சேமிக்கப்படாத அந்த வாக்கியங்கள் உலகத்தில் வேறெங்கும் இல்லை. ஒவ்வொன்றாகச் சொன்னாள். "'ஏட்டி, சாப்ட்டியா? எனக்கு ஊட்டிட்டு நீ பட்டினி கெடக்காத'ன்னாரு. 'அந்தக் கொடத்தத் தூக்காத, கை வலிக்கும்லா'ன்னாரு. 'இந்தப் பச்சச் சேல உனக்கு எடுப்பா இருக்கு'ன்னாரு."

"பச்சச் சேல!" என்று கூவினாள் கிரேசம்மாள். "ஆமா, கட்டிருந்தேன்! எம் மக பொங்கலுக்கு எடுத்துக் குடுத்தது. இன்னும் சொல்லுங்க, இன்னும் சொல்லுங்க."

நினைவில் இருந்ததையெல்லாம் சொல்லி முடித்தாள். "இவ்வளவுதாம்மா நான் கேட்டது. நான் வீட்டுல இல்லாத நாள்ல சொன்னது எனக்குத் தெரியல. மன்னிச்சுக்குங்க."

பின்னால் ஏதோ அசைந்தது. அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. பச்சைப் புடவையின் முந்தானையில் கையைத் துடைத்தாள், வந்தாள், கையை நீட்டினாள்.

"போனக் குடு."

"அம்மா..."

"குடு கண்ணு." வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். "அக்கா, நான் இவளோட அம்மாங்க. இன்னொண்ணு இருக்குதுங்க. இவ ஆபீசுல இருந்தப்ப சொன்னது. நான் யாருகிட்டயும் சொல்லுல. 'ராத்திரி முழிப்பு வந்துது. நீ மூச்சு விடுதியான்னு பாத்துட்டுத்தான் திரும்பப் படுத்தேன்' அப்படின்னாருங்க." நிறுத்தினாள். "உங்களுதுங்க. வெச்சுக்கோங்க."

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டு போனை மகளிடம் கொடுத்தாள். கோதை அம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள். அம்மா அதைக் கவனிக்காததுபோல அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, இத்தன நாளும் நாலு மணிக்கு நீங்க என்னதானுங்க சொல்ல வந்தீங்க?"

சென்னியப்பன் அவளைப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம், யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த மனிதருக்கு அதுவும் வராது.

"காப்பி."

அம்மா தலையாட்டினாள். கோபமில்லை, அழுகையில்லை, கடையில் கேட்ட சாமான் இல்லை என்று சொன்னால் தலையாட்டுவாளே, அப்படி. "சூடு பண்ணித் தரேனுங்க" என்றாள். போகிற வழியில் அவர் அறைக்குள் நுழைந்து, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, ஹாலில் பழைய இடத்தில், சுவரோரமாகச் சாய்த்து வைத்தாள்.

கோதை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்பாவும் பார்த்தார். அவர் உதடு கோணிக்கொண்டு அசைந்தது.

"இந்தா..." என்றது பட்டை.

அம்மா அடுப்படி வாசலில் நின்றாள், திரும்பாமல். பச்சை விளக்கு மினுங்கியது, மினுங்கிக்கொண்டே இருந்தது. அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. மெசினில் இப்போது ஒரு குறையும் இல்லை.